பழைய அட்டவணையை உடனே நீக்கிவிடாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதிய பொறுப்பை ஏற்றிருக்கிறாய் என்றறிந்து மகிழ்ந்தேன். உங்கள் தரவுத்தளத்தின் வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து முகவரிகளைத் தனி அட்டவணையாகப் பிரிக்கப்போவதாகவும், அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களையும் ஒரே இரவில் மாற்றிவிட உன் குழு எண்ணுவதாகவும் எழுதியிருந்தாய். அந்த ஒரே இரவுத் திட்டம் வேண்டாம் என்று சொல்லவே உடனே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நாங்களும் இப்படி ஓர் அட்டவணையைப் பிரித்தோம். புதிய அட்டவணைகள் இரண்டையும் இணைத்து, பழைய அட்டவணையின் பெயரிலேயே ஒரு வியூ அமைத்தோம்; அதாவது, தரவைத் தானே வைத்திராமல் மற்ற அட்டவணைகளிலிருந்து எடுத்து ஓர் அட்டவணைபோலக் காட்டுவது. தரவைப் படிக்க மட்டும் செய்யும் நிரல்களுக்கு, பின்னால் சொல்லப்போகும் ஒன்றைத் தவிர, ஒன்றும் நேரவில்லை. எழுதும் நிரல்கள்தாம் இடறின. இரண்டு அட்டவணைகளை இணைத்த வியூவில் ஒரு பதிவைச் சேர்த்தால், அதில் எந்தப் பகுதி எங்கே போக வேண்டும் என்பதை நாம்தான் டிரிகர் (பதிவு சேரும்போது தானாக ஓடும் சிறு நிரல்) எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. தரவின் உள்ளமைப்பு மாறினாலும் பெரும்பாலான பயன்பாட்டு நிரல்கள் பாதிக்கப்படக் கூடாது என்று, தொடர்புசார் தரவுத்தள முறையை வகுத்த எட்கர் காட் 1970-இலேயே எழுதினார். படிப்பதில் அதை ஏறக்குறைய எட்டிவிட்டோம், எழுதுவதில் இன்னும் நம் உழைப்பு தேவைப்படுகிறது.

ஆகவே பழையதும் புதியதும் சில காலம் சேர்ந்தே இருக்கட்டும். முதலில் நிரல்கள் இரண்டிலும் எழுதத் தொடங்க வேண்டும். அதன் பிறகே பழைய பதிவுகளைச் சிறு சிறு தொகுதிகளாகப் புதிய அட்டவணைக்கு நகலெடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், நகலெடுப்பு முடிந்ததற்கும் இரண்டிலும் எழுதுவது தொடங்கியதற்கும் இடையே திருத்தப்பட்ட முகவரிகள் யாருக்கும் தெரியாமல் விடுபட்டுப்போகும். அவ்வாறே, புதிய அட்டவணையில் ஏற்கெனவே வந்துவிட்ட திருத்தத்தின்மேல் பழைய நகல் ஏறிவிடாதபடியும் பார்த்துக்கொள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நெடுவரிசை சேர்ப்பது பெரும்பாலும் நொடியில் முடியும் வேலைதான். ஆனாலும் நீண்ட வினவல் ஒன்று அதே அட்டவணையில் ஓடிக்கொண்டிருந்தால் உன் கட்டளை பூட்டுக்காக, அதாவது அட்டவணையை மாற்றத் தேவையான தனியுரிமைக்காக, காத்திருக்கும்; அதன் பின்னால் அந்த அட்டவணையைத் தொடும் மற்ற எல்லா வினவல்களும் நிற்கும். பூட்டுக்கான காத்திருப்பு நேரத்தைச் சில நொடிகளுக்குள் வரையறுத்துவிடு.

எங்களை மிகவும் வருத்தியது மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் ஓர் அறிக்கை நிரல். அது நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கேட்காமல் எல்லாவற்றையும் எடுத்து, ஏழாவதை அஞ்சல் குறியீடு என்று கொண்டது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. தவறான அறிக்கை மட்டும் வெளியே போயிற்று. பழைய அட்டவணையை யார் தொடுகிறார்கள் என்பதை ஒரு மாத இறுதியும், முடிந்தால் ஓர் ஆண்டு இறுதியும் கடக்கும்வரை பதிவுசெய்து பார்.

உங்கள் நிரல்களில் எவை அந்த அட்டவணையில் எழுதுகின்றன என்ற பட்டியலை எனக்கு அனுப்பு. இந்த வாரமே படித்துப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்