செயலாளரின் ஆண்டறிக்கை: பெயர் தேடும் பூஞ்சைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சங்க அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பேரவைக் கூட்டத்தில் எடுத்த முடிவின்படி இவ்வாண்டுச் சந்திப்புகள் பூஞ்சைகளின் மரபணுத்தொகுதி (ஓர் உயிரியின் டிஎன்ஏ முழுவதும்) ஆய்வுகளைச் சுற்றியே அமைந்தன. நமக்கு எதற்கு இந்தத் தலைப்பு என்று கேட்ட உறுப்பினர்களுக்கு முதல் கூட்டத்திலேயே ஓர் ஆய்வைக் காட்டினோம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டது அது. சிங்கப்பூரின் காற்றை நேரவாரியாகப் பிடித்து, 795 மாதிரிகளின் டிஎன்ஏவை வரிசைப்படுத்தினார்கள், அதாவது அதன் எழுத்துவரிசையைப் படித்தார்கள். காற்றில் மிதக்கும் உயிரிகள் பகலுக்கும் இரவுக்கும் ஒழுங்காக முறைமாறுவதும், இரவில் காளான் வகைப் பூஞ்சைகளின் பங்கு ஏறுவதும் அதில் தெரிந்தன. ஆனால் கிடைத்த தரவில் 9 முதல் 17 விழுக்காட்டுக்கு மட்டுமே இன்ன உயிரி என்று சொல்ல முடிந்தது. மிச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தரவுத்தளங்களில் ஒன்றும் இல்லை.

உலகில் ஏறத்தாழ 2.5 மில்லியன் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது பிரிட்டனின் கியூ தாவரவியல் பூங்கா 2023இல் தந்த மதிப்பீடு. பெயர் பெற்றவை சுமார் 155,000. வரிசைப்படுத்தும் கருவிகளுக்கு இன்று பஞ்சமில்லை. எங்கே, எதன்மீது, எப்போது எடுத்தது என்ற குறிப்போடு பத்திரமாக உலர்த்திய மாதிரிக்குத்தான் பஞ்சம். புதிய இனத்துக்குப் பெயரிடும் விதிகளும் கையில் ஒரு மூலமாதிரி (அப்பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கும் மாதிரி) இருக்கவேண்டும் என்றே சொல்கின்றன. தொண்டூழியர்களாகிய நாம் உருப்படியாகப் பங்களிக்கக்கூடிய இடம் இதுதான் என்று செயற்குழு கருதியது. ஆண்டின் பணிகளை அதற்கேற்ப வகுத்தோம்.

பழுப்பு வேரழுகல்

நம் தீவோடு நெருங்கிய தொடர்புள்ள பூஞ்சை என்பதால் இதற்கு அதிக நேரம் ஒதுக்கினோம். பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், துணை இயக்குநராக இருந்த இ. ஜே. எச். கார்னர் 1932இல் இதற்கு ஃபோமெஸ் நாக்ஸியஸ் என்று பெயர் சூட்டினார். பிறகு ஃபெல்லினஸ் நாக்ஸியஸ் ஆகி, 2018இலிருந்து பைரோடெர்மா நாக்ஸியம் என்று வழங்குகிறது. ரப்பர் முதல் சாலையோர நிழல் மரங்கள் வரை 200க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும்.

இதன் மரபணுத்தொகுதியைத் தைவான் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். கூடவே ஆசிய பசிபிக் தீவுகளிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த 60 பூஞ்சை வளர்ப்புகளையும் ஒப்பிட்டார்கள். செல்சுவரைக் கட்டப் பயன்படும் 1,3-பீட்டா-குளுக்கனை உருவாக்கும் நொதிகளின் மரபணுக்கள் இந்தப் பூஞ்சையில் பெருகியிருக்கின்றன. இழை இவ்வளவு வேகமாக வளர்வதற்கு அது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மரபு வேறுபாடு வழக்கத்துக்கு மாறாக மிக அதிகம். ஒரே இழையில் பல உட்கருக்கள் இருப்பதால், ஒரே வளர்ப்பில் ஓர் இடத்துக்கு இரண்டுக்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்து மாற்றங்கள் தென்பட்டன. இரண்டு மரபுக் கிளைகள் பிரிந்து தெரிந்தன. அவற்றுள் ஒன்று கடலையும் பொருட்படுத்தாமல் பல தீவுகளில் பரவியிருக்கிறது.

தோட்டவேலை செய்யும் உறுப்பினர்கள் இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அடுத்தடுத்த மரங்களுக்கு இந்நோய் வேரோடு வேர் உரசும் இடத்தில் பரவுவதையே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் இத்தனை மரபு வேறுபாடு வேர்வழிப் பரவலால் மட்டும் வராது. இரு பெற்றோர் கூடி உண்டாகும் வித்துகளுக்கும் பங்கு இருக்கவேண்டும். ஆகவே, பள்ளம் வெட்டி வேர்த் தொடர்பைத் துண்டிப்பது அவசியம்தான் என்றாலும், அதோடு நோய் முடிந்தது என்று இருந்துவிட முடியாது. புதிதாக வெட்டிய அடிக்கட்டைகளையும் கண்காணிக்கவேண்டும்.

அடையாளம் இதுதான்: மரத்தடியில் மண்மட்டத்திலிருந்து மேலேறும் தடித்த மேலுறை, பழுப்பிலிருந்து கருப்பு வரை, வளரும் ஓரம் மட்டும் வெளிறிய மஞ்சள். வேரில் மண்ணும் சிறு கற்களும் இறுகி ஒட்டியிருக்கும், கழுவினாலும் விடாது. கட்டையைப் பிளந்தால் மெத்தென்ற வெண் அழுகலுக்குள் தேனடைபோலப் பழுப்புக் கோடுகள் ஓடும். இலை மஞ்சளாகி உச்சி மெலிவதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி உரமும் நீரும் கொடுப்பதுதான் பொதுவாக நேரும் பிழை. அந்த நிலையில் வேரின் பெரும்பகுதி போயிருக்கும், காற்றடித்தால் மரம் சாயும். அப்படி ஒரு மரத்தைக் கண்டால் அருகே நிற்காமல் ஒன்சர்விஸ் செயலியில் படத்தோடு தெரிவியுங்கள். சமூகத் தோட்டமாக இருந்தால் அந்த மண்ணை வேறு பாத்திக்கு மாற்றாதீர்கள், மரச்சீவலை மூடாக்காகப் போடாதீர்கள். மண்ணில் கிடக்கும் வேர்த்துண்டில் பூஞ்சை பத்தாண்டுக்கும் மேல் உயிரோடிருக்கும். வேரைத் தோண்டி அகற்றாமல் அதே குழியில் வைக்கும் கன்றும் சாகும்.

மாதிரி சேகரிப்புப் பயிலரங்கு

முதலில் சட்டம். இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி ஒரு காளானைக்கூடப் பறிக்கக் கூடாது. புக்கித் தீமாவிலும் மெக்ரிட்சியிலும் நம் நடைகள் படமெடுப்பதோடு நின்றன. மாதிரி எடுக்கும் பயிற்சியை உறுப்பினர்களின் பூச்சட்டிகளிலும், உரிமையாளர் ஒப்புதல் தந்த தனியார் நிலத்திலும் முளைத்தவற்றைக்கொண்டே நடத்தினோம். வரும் ஆண்டிலும் இதில் தளர்வு இல்லை.

பறிப்பதற்கு முன் படம்: மேலிருந்து ஒன்று, தொப்பிக்கு அடியிலுள்ள செதில்கள் தெரியக் கீழிருந்து ஒன்று, தண்டின் அடி ஒன்று, பக்கத்தில் அளவுகோல். அருகிலுள்ள மரம், மணம், வெட்டிய இடத்தில் நிறம் மாறுகிறதா என்பவற்றை அங்கேயே எழுதவேண்டும். காய்ந்தபின் இவை எதுவும் மிஞ்சாது. தண்டைக் கிள்ளாமல் கத்தியால் அடியோடு நெம்பி எடுக்கவேண்டும், ஏனென்றால் மண்ணுக்குள் இருக்கும் அடிப்பை சில நச்சு இனங்களின் முக்கிய அடையாளம். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். மெழுகுத்தாளோ காகிதப் பையோ போதும்.

வித்துப்படிவுக்கு (உதிரும் வித்துகளின் நிறத்தைப் பார்க்க), பாதி வெள்ளையும் பாதி கருப்புமான தாளில் தொப்பியைச் செதில் கீழே இருக்க வைத்து, கிண்ணத்தால் மூடி, மாலையில் வைத்தால் காலையில் எடுக்கலாம். அதற்கு முன்பே, தொப்பியின் உட்சதையிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் துண்டு ஒன்றைச் சுத்தமான பிளேடால் வெட்டி, நிறையச் சிலிக்கா ஜெல்லோடு சிறு குப்பியில் அடைக்கவேண்டும். டிஎன்ஏவுக்கு இந்தத் துண்டுதான். மேல்தோலை எடுத்தால் அதில் படிந்த வேறு பூஞ்சைகளின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும்.

மீதியை உணவு உலர்த்தியில் 40 முதல் 45 டிகிரி செல்சியஸில், ஒடித்தால் சடக்கென்று ஒடியும்வரை உலர்த்தவேண்டும். மெல்லிய காளானுக்கு ஒரு இரவு போதும். தடித்த துளைக்காளானை நீளவாக்கில் வகிர்ந்து வைத்தாலும் ஒரு நாள் ஆகும். அவசரத்துக்குச் சூட்டைக் கூட்டினால் காளான் வெந்துபோகும், டிஎன்ஏவும் சிதையும். குளிரூட்டிய அறையில் விட்டால் காயும் என்பதும் தப்பு எண்ணம். உள்ளே ஈரம் தங்கி இரண்டாம் நாளே பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில், உலர்த்தியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த காளான் சீக்கிரமே துவண்டுவிடும் என்பதால், சூடு ஆறுவதற்குள் சிலிக்கா ஜெல்லோடு பையில் அடைக்கவேண்டும். பிறகு ஒரு வாரம் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் வைத்தால் வண்டுகளும் அவற்றின் முட்டைகளும் சாகும். மாதிரி எண்ணைப் பையின் மேல் மட்டும் எழுதாமல், பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயும் போடுங்கள். மை அழியும், பென்சில் அழியாது.

டிஎன்ஏ பயிலரங்கு

2012இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியீடாக ஏற்கப்பட்ட டிஎன்ஏ பகுதி ஐடிஎஸ். அதைப் படிப்பதே இப்பயிலரங்கின் நோக்கம். குளோரோஃபார்ம் பயன்படுத்தவேண்டியிருப்பதால், புகைபோக்கி அடுக்கு உள்ள ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இதை நடத்தினோம். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

10 முதல் 20 மில்லிகிராம் உலர்ந்த திசுவைப் பொடித்து, செல்லைச் சிதைக்கும் 2 விழுக்காடு சிடிஏபி கரைசலில் 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24:1 விகிதத்தில் கலந்து பிரித்து, ஐசோபுரப்பனாலில் வீழ்படியச் செய்து, 70 விழுக்காடு எத்தனாலில் கழுவினால் டிஎன்ஏ கிடைக்கும். ஐடிஎஸ் பகுதியை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆருக்கு ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 என்ற பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ துண்டு) இணை. 94 டிகிரி 30 விநாடி, 55 டிகிரி 30 விநாடி, 72 டிகிரி ஒரு நிமிடம் என 35 சுற்றுகள். 1.5 விழுக்காடு அகரோஸ் ஜெல்லில் 600 முதல் 800 எழுத்து நீளத்தில் ஒரே பட்டை தெரிந்தால் நல்லது.

பட்டையே தெரியாவிட்டால் டிஎன்ஏ குறைவு என்று எண்ணி இன்னும் அதிகம் ஊற்றுவதே பலரின் முதல் முயற்சி. பெரும்பாலும் எதிர்மாறாகச் செய்யவேண்டும். காளானின் பசைப்பொருளும் நிறமிகளும் பிசிஆர் நொதியைத் தடுப்பதால், பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்தால் பட்டை வந்துவிடும். டிஎன்ஏ சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயில் பட்டை வந்தால் அன்றைய தொகுதி முழுவதையும் கொட்டிவிடவேண்டும், அதில் பேரம் கிடையாது. இரண்டு பட்டைகள் வந்தால் மாதிரியில் வேறொரு பூஞ்சை ஒட்டுண்ணியாகவோ அழுக்காகவோ ஏறியிருக்கலாம். எழுத்துவரிசை பாதிவரை தெளிவாக வந்து, பிறகு வரைபடத்தின் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மாதிரியைக் குறை சொல்லவேண்டியதில்லை. காளானின் செல்லில் இரண்டு உட்கருக்கள் உண்டு. அவற்றின் ஐடிஎஸ் நகல்களுள் ஒன்றில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தாலே இப்படி ஆகும். எதிர்த்திசையிலிருந்தும் படித்தால் பெரும்பாலும் சரியாகும்.

தரவுத்தளத்தில் 97 விழுக்காடு ஒத்தால் ஒரே இனம் என்பது வசதிக்கான கோடு, இயற்கையின் கோடு அல்ல. ஃபியூசேரியம் போன்ற பேரினங்களில் ஐடிஎஸ் பல இனங்களைப் பிரித்துக் காட்டாது. அங்கே டெஃப்1 மரபணுவைப் படிக்கவேண்டும். முதலில் வரும் பெயரை அப்படியே எடுக்காமல், அந்தப் பதிவு மூலமாதிரியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். தவறாகப் பெயரிட்டு ஏற்றப்பட்ட பதிவுகள் ஏராளம்.

படிப்பு வட்டம்

இவ்வட்டத்தில் உறுப்பினர்கள் விரும்பிப் பேசியது மரங்களோடு வேர்வழி வாழும் காளான்களைப் பற்றி. புக்கித் தீமாவின் டிப்டெரோகார்ப் என்னும் மழைக்காட்டு மரங்களின்கீழ் ருசுலா காளான்களும் துளைக்காளான்களும் முளைக்கின்றன. சிப்பிக் காளானை மரத்தூளில் வளர்க்கும் நமக்கு இவற்றை ஏன் வளர்க்க முடியவில்லை என்பதற்கு மரபணுத்தொகுதியில் விடை இருக்கிறது. 2008இல் இப்படி வேர்வழி வாழும் லக்காரியா பைகலர் என்ற காளானின் தொகுதி வெளியானது. தாவரச் செல்சுவரைச் செரிக்கும் நொதிகள் பலவற்றை அது இழந்திருந்தது. 2015இல் 49 பூஞ்சைகளை ஒப்பிட்டபோது, இந்த இழப்பு வெவ்வேறு குலங்களில் தனித்தனியே நடந்திருப்பது தெரிந்தது. மரம் சர்க்கரை தருவதால் மட்கவைக்கும் கருவிகள் வேண்டாமல் போயின. ஆகவே மரத்தை விட்டால் அவற்றுக்கு வாழ்வில்லை. காட்டைக் காக்காமல் இந்தக் காளான்களைக் காக்க வழியே இல்லை என்பதால், 2025இல் வந்த உலகளாவிய வரைபட ஆய்வு நம்மைக் கவலைகொள்ள வைத்தது. இப்படி வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் மிகுந்த இடங்களில் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பவை 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்கும் நொதிகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றின என்பது 31 பூஞ்சைகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. நிலக்கரி உருவாவது குறைந்ததற்கு இதுவே காரணம் என்ற கருத்தை 2016இல் வெளிவந்த ஆய்வு மறுத்தது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். அங்சானா மரங்களின் வாடல்நோயில் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரத்தின் பங்கு சிங்கப்பூரிலேயே ஆராயப்பட்டது என்பதால், அப்பூஞ்சையைப் பற்றிய 2010ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பையும் எடுத்துக்கொண்டோம். தக்காளியைத் தாக்கும் வகையிலிருந்து ஒரு குரோமோசோம் தீங்கற்ற வகைக்கு மாறியதும் அதுவும் தக்காளி நோயாக மாறிவிட்டது. ஒளிரும் காளான்களில் ஒளியை உண்டாக்கும் லூசிஃபெரேஸ் நொதி பற்றி ஓர் அமர்வு நடந்தது. அம்மரபணுத் தொகுப்பு ஒரே மூதாதையிடம் சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, பல குலங்களில் மறைந்துவிட்டது.

நச்சுக் காளான்

மழைக்குப்பின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையிலான புல்திடல்களில் பெரிய வெள்ளைக் குடைகள் கூட்டமாக முளைக்கும். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக் காளான் அது. ஊரில் புற்றுக்காளான் தின்று பழகிய பெரியவர்கள் அதுவென்று எண்ணிப் பறிக்கும் ஆபத்து உண்டு. புற்றுக்காளானுக்குக் கறையான் புற்றுவரை இறங்கும் நீண்ட வேர்போன்ற அடி உண்டு, வித்துப்படிவு இளஞ்சிவப்பு. திடல் காளானின் படிவு சாம்பல் பச்சை. இளங்காளானில் செதில் வெள்ளையாகவே இருப்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். ஆறு மணி நேரத்துக்குமேல் கழித்துத் தொடங்கினால் ஈரலைத் தாக்கும் வேறு நச்சாக இருக்கலாம், அது இன்னும் கொடியது. இரண்டிலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நிலை மோசமென்றால் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள். மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். சங்கம் எந்தக் காட்டுக் காளானையும் உண்ணத் தகுந்தது என்று சான்று தராது.

நிர்வாகம்

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சமூக மன்றத்தில் அறை தந்தவர்களுக்கும், உலர்த்தியை இரவல் தந்த உறுப்பினருக்கும், ஆய்வுக்கூடத்தில் நேரம் ஒதுக்கிய ஆசிரியர்களுக்கும் செயற்குழுவின் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். சங்கத்தின் மாதிரிப் பதிவேட்டில் இடம், துணைமரம், படம், உலர்மாதிரி ஆகிய நான்கும் இல்லாத பதிவுக்கு எண் தரக் கூடாது. உறைபெட்டி ஒன்று வாங்கச் செயற்குழுவுக்கு அனுமதி வேண்டும். இவ்விரண்டையும், இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்