டிரேஸ் கணக்குக்கு முன் இரண்டு வகுப்பு கொடுங்கள்

முதுநிலை இயற்பியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குவாண்டம் மின்னியக்கவியல் தாளில் டிரேஸ் (அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை) தேற்றங்களைத் தொடங்கும் முன், வெக்டர்களையே நேரடியாகப் பெருக்கும் வடிவியல் இயற்கணிதத்துக்கு இரண்டு வகுப்பு ஒதுக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கனமான அணுக்கருவின் கூலும் புலத்தில் எலக்ட்ரான் சிதறுகிறது. 1929இல் இயற்பியலாளர் மாட் விடை கண்ட கணக்கு. மாணவர் காமா அணிகளை (எலக்ட்ரானுக்கான டிராக் சமன்பாட்டில் வரும் நான்கு அணிகள்) எழுதி, வரும் ஸ்பின்னுக்கு (எலக்ட்ரானின் உள்ளார்ந்த சுழற்சிக்கு) சராசரி எடுத்து, போகும் ஸ்பின்னைக் கூட்டி, அப்புறம் டிரேஸ் போடுகிறார். நான்கு காமாவின் டிரேஸ் என்றால் 3 உறுப்புகள், ஆறு என்றால் 15, எட்டு என்றால் 105. விடை சரியாகவே வரும். ஆனால் எலக்ட்ரானின் ஸ்பின் எந்தப் பக்கம் திரும்பியது என்று கேளுங்கள், வகுப்பே விழிக்கும். சராசரி எடுத்தபோதே அந்தச் செய்தி தொலைந்துவிட்டது.

காமாக்களை அணிகளாக எண்ணாமல் காலவெளியின் நான்கு திசை வெக்டர்களாகவே எடுத்துக்கொள்ளலாம். இரு வெக்டர்களின் பெருக்கத்தில் ஒரு பகுதி எண், இன்னொரு பகுதி அவை அமைக்கும் தளம். கிளிஃபோர்டு 1878இல் தந்த பெருக்கல் இது. 1928இல் டிராக்கின் அணிகளில் மறுபடி தலைகாட்டியது. 1966இல் ஹெஸ்டெனஸ் அணிகளை விலக்கி அதன் வடிவியலை வெளியே எடுத்தார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் லேசன்பி, டோரன் போன்றவர்கள் சிதறல் கணக்குகளுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். டிரேஸ் என்பது இந்தப் பெருக்கத்தின் எண் பகுதியைப் போல 4 மடங்கு, அவ்வளவுதான்.

மாட் கணக்கை இதில் போட்டால், வரும் எலக்ட்ரான் நிலையைப் போகும் நிலையாக்கும் சிதறல் காரணி, முதல் தோராயத்தில் இரண்டே உறுப்புகள்: ஆற்றலின் இரு மடங்கு, கூட்டல் உந்த மாற்ற வெக்டர். (புலத்திலிருந்து வரும் எண் காரணிகளை வெளியே வைத்துவிட்டேன்.) பெருக்கல் வரிசையைத் தலைகீழாக்கினால் வெக்டரின் குறி மட்டும் மாறும், ஏனெனில் இந்த இடவெளி வெக்டர் காலவெளியில் இரு திசைகளின் பெருக்கம். இரண்டையும் பெருக்கினால், ஆற்றலின் இருபடியைப் போல 4 மடங்கில் உந்த மாற்றத்தின் இருபடி கழியும். உந்த மாற்றத்தின் அளவு உந்தத்தின் இரு மடங்கை அரைக் கோணத்தின் சைனால் பெருக்கியது. ஸ்பின்னைக் கணக்கில் எடுக்காத ரதர்ஃபோர்டு சிதறல் சூத்திரத்துக்கு மாட் தந்த திருத்தம் அங்கேயே நிற்கிறது. ஸ்பின்னை எங்கும் கூட்டவில்லை. எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று: அந்தக் காரணியை அதன் அளவால் வகுத்தால், வரும் உந்தத்தைப் போகும் உந்தமாக்கும் லோரன்ட்ஸ் மாற்றம் (காலவெளியில் ஒரு சுழற்சி போன்றது) கிடைக்கிறது. ஸ்பின்னையும் அதுவே திருப்புகிறது. தொலைந்த செய்தி இங்கே கையில் இருக்கிறது.

இதை வைத்து எல்லாம் தீரும் என்று சொல்லவில்லை. வளையத் தொகையீடுகளின் (அடுத்தடுத்த தோராயங்களில் வருபவை) கடினம் அப்படியே இருக்கும். எலக்ட்ரான் போன்ற ஃபெர்மியான்கள் பல வந்தால் கூடுதல் கட்டமைப்பு வேண்டும். கற்பனை எண்ணின் வேலையை ஒரு தளம் செய்வது முதலில் குழப்பத்தான் செய்யும். பெரிய கணக்குகளைக் கணினி பார்த்துக்கொள்கிறது, அதற்கு அழகு தேவையில்லை. எனவே பழைய முறையை நீக்கச் சொல்லவில்லை.

நேரம் எங்கே என்பீர்கள். காமா அணிகளை டிராக் வடிவம், வெய்ல் வடிவம், மயோரானா வடிவம் என்று மாற்றி மாற்றி எழுதிக் காட்டுவதைக் குறையுங்கள். வெய்ல் வடிவம் மட்டும் இருக்கட்டும், நிறையற்ற துகள்களுக்கு அது வேண்டும். கூடவே, தேர்வில் ஒரு மாணவர் மாட் கணக்கை அணியே இல்லாமல் முடித்திருந்தால் முழு மதிப்பெண் உண்டு என்று விடைத்தாள் திருத்துவோருக்கான குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்தத் தாளை நடத்தும் ஓர் ஆசிரியர்