முருகன் காணாமல் போன கதை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் போடாததற்கு மூட்டுவலியைச் சாக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன். காலில் வலி என்றால் கையால் எழுத என்ன கேடு என்று கேட்பாய். சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவள் ஒருவழியாக மாற்றல் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கே வந்துவிட்டாள். சர்க்கரை அளவைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி பத்து நிமிஷம் உன்னைத் திட்டினாள். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டி.வி. விவாதம் பார்த்துக்கொண்டிருந்த பேரனிடம், “எங்க காலத்துல எதிர்க்கட்சித் தலைவர் எப்படிப் பதில் கொடுப்பார் தெரியுமால?” என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் முழித்ததாக எழுதியிருக்கிறாய். எம்.ஜி.ஆருக்காக மொட்டை போட்ட நீ, பேரனுக்குக் கலைஞர் கதை சொல்லப் போனதே எனக்கு ஆச்சரியம்! முருகன், வேல் என்று இரண்டு சொல்தான் ஞாபகம் இருக்கிறது, முழுசாக எழுது என்கிறாய். அந்த ஒரு வரியை மட்டும் எழுதினால் பையனுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

1980 நவம்பர் 26. திருச்செந்தூர்க் கோயில் விடுதியில் சுப்பிரமணிய பிள்ளை தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தார். அறநிலையத் துறையின் சரிபார்ப்பு அலுவலர். உண்டியல் எண்ணிக்கை, நகைக் கணக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த மனுஷன். தற்கொலை என்றார்கள். ஊர் நம்பவில்லை. முருகனின் வைர வேலைக் காணோம் என்பதுதான் அப்போது டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. நம் மெஸ்ஸில்கூட சாம்பார் ஊற்றுகிறவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதைத்தான் பேசினார், நினைவிருக்கிறதா?

எதிர்க்கட்சிகள் விடாமல் பிடித்துக்கொள்ளவே, எம்.ஜி.ஆர். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சி.ஜே.ஆர். பால் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டது. அறிக்கையும் வந்தது. வந்த அறிக்கையைச் சட்டசபையில் வைக்காமல் வைத்திருந்தார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவர் கலைஞர். 1980 தேர்தலில் அண்ணா நகரில் வெறும் 699 ஓட்டில் தப்பிப் பிழைத்துச் சபைக்குள் வந்தவர். அவர் அந்த அறிக்கையின் நகலைத் தாமே வெளியிட்டுவிட்டார். அது தற்கொலை அல்ல, கொலை என்று அறிக்கை சொன்னது. அதற்குப் பிறகு, கொன்றது யார் என்று தேடியதைவிட அறிக்கை எப்படி வெளியே போனது என்று தேடியதில்தான் அரசுக்கு வேகம் அதிகம் என்று நான் அன்று சொன்னேன். நீ ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் அந்த நடைபயணம். ‘நீதி கேட்டு நெடிய பயணம்’ என்று பெயர். 1982 பிப்ரவரி 15-இல் மதுரையில் கிளம்பி, எட்டாம் நாள் 22-இல் திருச்செந்தூர். சுமார் 200 கிலோமீட்டர். அவருக்கு வயது 57. இப்போது நமக்கு அதைவிட எட்டு வயது கூட, ரேஷன் கடைக்கே ஆட்டோ கேட்கிறோம்.

கடைசி நாள் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ரெண்டு பேரும் போனோமே. நான் பார்க்க வேண்டும் என்று வந்தேன், நீ கிண்டல் பண்ண வேண்டும் என்றே வந்தாய். “சாமி இல்லேங்கிற ஆளு சாமியத் தேடி நடக்காரு” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். கூட்டத்தில் என் செருப்பில் ஒன்று போயிற்று. ஒரு கடைத் திண்ணையில் ஏறி நின்றோம். முதலில் புழுதிதான் வந்தது, பிறகு சத்தம், பிறகு கறுப்பும் சிவப்புமாகக் கொடிகள். அதற்குள் அவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ என் தோளில் தட்டி, கீழே காலைப் பார் என்றாய். பாதம் வீங்கி, கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டிருந்தது. ஒவ்வொரு அடியையும் தரையைத் தொட்டுப் பார்த்து வைப்பதுபோல வைத்தார். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நடக்கத்தான் செஞ்சிருக்காரு” என்றாய். உன் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆளுங்கட்சி சும்மா இருக்குமா? அதுவரை கலைஞர் எதைக் கேட்டாலும் ‘சர்க்காரியா’ என்று, அவர் ஆட்சியின் மீதான ஊழல் புகார்களை விசாரித்த கமிஷனின் பெயரைச் சொல்லி ஒரு குரல் வரும், அதோடு முடிந்துவிடும். இதற்கு அது செல்லவில்லை. ஆகவே சபையில் கேலியில் இறங்கினார்கள். கருணாநிதி வருகிறார் என்று தெரிந்ததும், அவரைப் பார்க்கப் பிடிக்காமல் முருகன் திருச்செந்தூரை விட்டுக் கிளம்பிச் சென்னைக்கே வந்து எங்கள் தலைவர் எம்.ஜி.ஆரைப் பார்த்துவிட்டார் என்றார்களாம். நல்ல கேலிதான். நாத்திகன் என்ற குத்தும் அதில் இருக்கிறது, எட்டு நாள் நடந்தது வீண் என்ற குத்தும் இருக்கிறது.

கலைஞர் எழுந்து, திருச்செந்தூரில் வேல்தான் காணாமல் போய்விட்டது என்று இதுவரை நினைத்திருந்தேன், முருகனே காணாமல் போய்விட்டான் என்பது இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இவ்வளவுதான் கதை. பேரனுக்கு இதைச் சொல்.

ஆனால் கவனித்தாயா, அவர் எதையும் மறுக்கவே இல்லை. நான் நாத்திகன்தான், அதனால் என்ன என்று கிளம்பியிருந்தால் பேச்சு அவரைப் பற்றியதாகப் போயிருக்கும். சர்க்காரியாவுக்குப் பதில் சொல்லப் போயிருந்தாலும் அப்படித்தான். வந்த கேலியை அப்படியே ஒப்புக்கொண்டார். ஆமாம், முருகன் அங்கே இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்படியானால் காவலில் இருந்தது யார்? இந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்காமலே எல்லார் காதிலும் விழுந்தது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு மடங்கு சிரிப்பு. முருகன் காணாமல் போவது திருச்செந்தூருக்குப் புதுசா என்ன? டச்சுக்காரன் தூக்கிக்கொண்டு போன கதையை நம் ஆச்சிமார் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! கடல் கொந்தளிக்கவும் பயந்துபோய்ச் சிலையைக் கடலில் போட்டான், வடமலையப்ப பிள்ளை கனவில் வந்த அடையாளத்தை வைத்து, எலுமிச்சம்பழம் மிதந்த இடத்தில் எடுத்தார் என்று. சலூனில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிழவர், “அப்பம் டச்சுக்காரன், இப்பம் யாருல?” என்று கேட்டார். முதலில் சிரித்தது நீதான். சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் கடைக்காரர். உன் கன்னத்தில் பாதி சோப்பு.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது.

2025 ஜூலை 7-இல் குடமுழுக்கு நடந்ததல்லவா, கூட்டம் அடங்கட்டும் என்று ஒரு மாதம் கழித்து நானும் அவளும் போய் வந்தோம். தரிசனம் முடிந்து கடற்கரைப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் சுண்டல் விற்ற பையனிடம், பழைய விடுதி எந்தப் பக்கம், சுப்பிரமணிய பிள்ளை இறந்த இடம் எது என்று கேட்டேன். “யாரு அண்ணாச்சி அது?” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அவர் பெயர் அரை நிமிஷம் வரவில்லை, கணேசா. முருகன் வசனம் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. உன் கடிதத்திலும் பார், முருகன் இருக்கிறான், வேல் இருக்கிறது, அவர் இல்லை.

நான் கட்சிக்காரன் என்பதால் இதைச் சொல்லக் கூடாது என்றில்லையே. அவருக்காகத்தான் நடந்தார்கள். ஆனால் அந்தப் பதில் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதில், நாங்கள் மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினோமே தவிர, பிள்ளையின் பெயரைச் சொல்வதை மெல்ல மெல்ல விட்டுவிட்டோம். 1984 தேர்தலில் உங்கள் ஆட்கள்தான் மறுபடி வந்தார்கள். 1989-இல் கலைஞரே முதலமைச்சரான பிறகும், திருச்செந்தூரைப் பற்றி 82-இல் முழங்கியது மாதிரி எங்கள் பக்கத்தில் யாரும் முழங்கி நான் கேட்கவில்லை. நீ இதை வைத்து என்னை மடக்குவாய் என்று தெரியும். மடக்கிக்கொள். அறிக்கையைச் சபையில் வைக்காமல் வைத்திருந்தவர்கள் யார் என்று நானும் கேட்பேன்.

உடன்குடியிலிருந்து கருப்பட்டி வாங்கி பார்சல் போட்டிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும். அது பேரனுக்கும் மருமகளுக்கும். நீ தொட்டால் எனக்குப் போன் வரும், ஏற்பாடு செய்திருக்கிறேன். சித்திரையில் ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறாயே, தேதியைச் சீக்கிரம் சொல். அந்தச் சலூன் இப்போது மொபைல் கடையாகிவிட்டது. திண்ணை மட்டும் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
உன் முத்து