நீ கேட்ட அலெக்சாண்டர் குறிப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. படைப்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் அதிகாரிகளுக்கு அலெக்சாண்டரின் போர்முறை பற்றிப் பேச வேண்டும், பழைய வகுப்புக் குறிப்பு இருந்தால் அனுப்பவும் என்று இரண்டு வரி எழுதி, அடியில் ‘நலம்’ என்று ஒரு சொல் போட்டிருந்தாய். அதற்கு முன் பல வாரங்களாக ஒரு தகவலும் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தியதை ஒரு மேஜருக்கு அனுப்புவது அழகல்ல என்பதால், உனக்கென்று புதிதாகவே எழுதுகிறேன்.

பேச்சை ஜீலம் நதிக்கரையில் தொடங்கு. கி.மு. 326. மழைவெள்ளம் கரைபுரள ஓடுகிறது. எதிர்க்கரையில் அந்த நாட்டு அரசன் போரஸ், பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் தரும் கணக்குப்படி, 30,000 காலாட்களோடும் 4,000 குதிரைகளோடும் 300 தேர்களோடும் 200 யானைகளோடும் நிற்கிறான். யானையின் வாடை பட்டாலே மிரளும் குதிரைகளை அவற்றின் கண்ணெதிரே கரையேற்ற முடியாது என்பதை அலெக்சாண்டர் முதலிலேயே கண்டுகொண்டான். ஆகவே இரவுதோறும் குதிரைப்படையைக் கரையோரமாக இங்கும் அங்கும் ஓட்டி, ஆரவாரம் செய்யவைத்துப் போக்குக் காட்டினான். போரஸும் ஒவ்வொரு முறையும் யானைகளைத் திருப்பிக்கொண்டு எதிரே வந்து வந்து, கடைசியில் சலித்துப்போய் வருவதையே நிறுத்திவிட்டான். வெள்ளம் வடியும்வரை காத்திருக்கப் போகிறவனைப்போல அலெக்சாண்டர் தானியத்தையும் பாளையத்தில் குவித்து வைத்தான். சிந்து நதியில் பயன்படுத்திய படகுகளைத் துண்டு துண்டாக அறுத்து, வண்டியில் ஏற்றிவந்து, காட்டுக்குள் மறைவாகப் பூட்டியதையும் சொல். இளைஞர்கள் கத்தி வீச்சைத்தான் ரசிப்பார்கள், வண்டிக்காரனை யாரும் நினைப்பதில்லை.

பாளையத்தில் தன் தளபதி கிரேட்டரஸை ஒரு பெரும்பிரிவோடு நிறுத்திவிட்டு, ஏறக்குறைய 27 கிலோமீட்டர் மேலே போய், இடியும் மழையுமான ஓர் இரவில், 5,000 குதிரைவீரர்களோடும் 6,000 காலாட்களோடும் கடந்தான். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். அவனே இங்கே ஏமாந்தான். மறுகரை என்று நினைத்து இறங்கிய இடம் ஒரு தீவு. அதற்கப்பால் மார்பளவு நீரில் ஆட்களும், தலை மட்டும் வெளியே தெரியக் குதிரைகளுமாகத்தான் கரையேற வேண்டியிருந்தது. அதன்பிறகு போரஸின் தேர்கள் சேற்றில் சிக்கியதும், அலெக்சாண்டரின் இன்னொரு தளபதி கோயினஸ் சுற்றிப்போய்ப் பின்னாலிருந்து விழுந்ததும், பாகனை இழந்த யானைகள் தம் படையையே மிதித்ததும் உனக்கே தெரியும். கிரேட்டரஸ் பாளையத்தில் அசையாமல் நின்றதால்தான் இத்தனையும் நடந்தது என்பதை அழுத்திச் சொல். முன்னால் பாய்கிறவன் ஒருவன்தான் வீரன் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

கவுகமேலாப் போரை (கி.மு. 331) சுருக்கமாகச் சொன்னால் போதும். வலப்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து பாரசீகப் பேரரசன் டேரியஸின் அணியை இழுத்து, விழுந்த இடைவெளியில் குதிரைப்படையை ஆப்புபோல் இறக்கினான். கடலில் தீவாக இருந்த டயர் நகர முற்றுகைக்கு ஏழு மாதம் பிடித்தது. கடலுக்குள் அவன் போட்ட கற்பாதையில் மணல் சேர்ந்து, அந்தத் தீவு இன்றைக்கும் கரையோடு ஒட்டித்தான் கிடக்கிறது. பொறுமை இல்லாதவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தன் உடம்பு விஷயத்தில் அந்தப் பொறுமை இல்லை. பாரசீகரோடு நடந்த கிரானிகஸ் போரில் ஒருவன் தலைக்கவசத்தைப் பிளந்தான். பின்னாலிருந்து ஓங்கிய இன்னொருவனின் கையை அலெக்சாண்டரின் தளபதி கிளீட்டஸ் வெட்டியிராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். (அந்தக் கிளீட்டஸைப் பிற்பாடு குடிவெறியில் அவனே கொன்றான் என்பது வேறு கதை.) இஸ்ஸஸில் தொடையில் வெட்டு, காசாவில் தோளில், மத்திய ஆசியாவில் அம்பு பட்டுக் காலெலும்பு முறிவு, சைரோபோலிஸில் கழுத்தில் கல்லடி. வகுப்பில் இந்தப் பட்டியலைச் சொல்லும்போது பையன்கள் கைதட்டுவார்கள். நீயும் கடைசிப் பலகையில் உட்கார்ந்து கைதட்டியவன்தான்.

பஞ்சாபில் இருந்த மல்லி இனத்தாரின் கோட்டையைப் பற்றிச் சொல்லாமல் பேச்சை முடிக்காதே. ஏணி கொண்டுவரத் தாமதமாயிற்று என்று பொறுமையிழந்து, ஒருவன் கையிலிருந்த ஏணியைப் பிடுங்கி, மதில்மேல் அவனே ஏறினான். பின்னால் முண்டியடித்தவர்களின் பாரம் தாங்காமல் ஏணிகள் முறிந்தன. வெளியே குதித்துத் தப்பியிருக்கலாம், உள்ளே குதித்தான். கூட வந்த மூவரில் அப்ரியாஸ் முகத்தில் அம்பு பட்டு இறந்தான். அலெக்சாண்டரின் மார்புக் கவசத்தைத் துளைத்த அம்பு நுரையீரல்வரை போனது. பியூகெஸ்தஸ் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதால் உயிர் தப்பியது. தளபதி விழுந்தான் என்ற வெறியில் உள்ளே புகுந்த படை, பெண்கள், குழந்தைகள் என்றும் பாராமல் கோட்டையில் இருந்தவர்களையெல்லாம் கொன்று தீர்த்தது. தலைவனின் ஒரு நிமிட அவசரத்துக்கு அதுவும் விலை.

அதன்பிறகு நடந்ததையும் கேள். நதிகள் கூடுமிடத்துப் பெரிய பாளையத்தில் அவன் இறந்துவிட்டான் என்ற பேச்சு பரவி, இனி யார் நம்மை ஊர்கொண்டு சேர்ப்பார் என்று படை கலங்கியது. தான் உயிரோடிருப்பதாகவும் விரைவில் வருவதாகவும் கடிதம் அனுப்பினான். பலரும் நம்பவில்லை, தளபதிகள் சேர்ந்து எழுதிய பொய்க்கடிதம் என்றார்கள். கப்பலில் கொண்டுவந்தபோதும் பிணம் என்றே நினைத்தார்கள். அவன் கையை உயர்த்திக் காட்டிய பிறகுதான் ஆரவாரம் எழுந்தது. இது சிப்பாய் செய்யும் வேலை, தளபதி செய்வதல்ல என்று நண்பர்கள் கண்டித்தபோது அவனுக்குக் கோபம் வந்ததாம். அவர்கள் சொன்னது உண்மை என்று தெரிந்ததால்தான் கோபம் என்று அர்ரியன் எழுதுகிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீ முன்னால் நிற்கிறாய் என்று உன் ஆட்கள் சொன்னால் எனக்குப் பெருமைதான். உன் அப்பா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். இருந்தாலும் கிரேட்டரஸை மறந்துவிடாதே. போன வாரம் மருமகள் அனுப்பிய புகைப்படத்தில் நீ தேநீர்க் குவளையை இடது கையில் பிடித்திருந்தாய். சட்டையின் வலப்பக்கத் தோள் புடைத்திருந்தது, உள்ளே கம்பளி போட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்டேன், அங்கே குளிர் அதிகம் என்று மட்டும் சொன்னாள்.

தங்கைக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கிணற்று மோட்டார் சரியாகிவிட்டது.

நீ பேசப்போவதை முழுவதும் எழுதி எனக்கு அனுப்பு, பிழை பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பாதே, மருமகளை விட்டும் எழுதச் சொல்லாதே. உன் கையெழுத்து எனக்குத் தெரியும். இரண்டு பக்கம் போதும்.

அன்புடன்,
அம்மா