ரெசிஸ்டர் செயலியில் நிறங்களின் பெயர்களைத் திருப்பித் தாருங்கள்

ரெசிஸ்டர் வண்ணக் குறியீட்டுச் செயலியை உருவாக்கிப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் மின்னணுவியல் ஆய்வகப் பயிற்றுநர். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகமான ரெசிஸ்டரின் மேல் உள்ள வண்ணப் பட்டைகளைக் கொண்டு, அது எத்தனை ஓம் மின்தடை என்று கணக்கிட்டுச் சொல்லும் உங்கள் செயலியை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களின் கைப்பேசிகளில் நிறுவச் சொல்லி வந்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். அண்மைப் பதிப்பில் செய்த மாற்றங்களை நீங்களே அறிவீர்கள். பழுப்பு 1, சிவப்பு 2 என்று பெயரும் எண்ணுமாக இருந்த பொத்தான்களை நீக்கிவிட்டு, ஓர் எழுத்துகூட இல்லாத வண்ண வட்டங்களை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெயர்களைத் திருப்பித் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

என் மாணவர் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாது. பிறவியிலேயே வரும் இக்குறை ஆண்களிடம் மிகுதி என்பதால், எந்த ஆய்வகத்திலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவரும் மேசைத் தோழரும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தனர். தோழர் பட்டைகளின் நிறங்களை வாய்விட்டுச் சொல்வார். இவர் அந்தப் பெயர்களைச் செயலியில் தேடி அழுத்தி, மதிப்பைக் குறித்துக்கொள்வார். ஒரு பருவம் முழுவதும் இதில் ஒரு பிழையும் நேரவில்லை.

புதிய பதிப்பு வந்த வாரத்தில், 9 வோல்ட் பேட்டரியில் ஓர் எல்.இ.டி.யை எரிய வைக்கும் மிக எளிய பயிற்சி. தோழர் "பழுப்பு, கருப்பு, பச்சை, தங்கம்" என்றார். பச்சை என்று நினைத்து இவர் அழுத்தியது சிவப்பு வட்டத்தை. செயலி 1 கிலோ ஓம் என்று காட்டியது. கையில் இருந்ததோ 1 மெகா ஓம். ஏறத்தாழ 7 மில்லி ஆம்பியர் பாய வேண்டிய இடத்தில் 7 மைக்ரோ ஆம்பியர் பாய்ந்தால் எந்த எல்.இ.டி. எரியும்? அவர் எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டார், வேறொன்றை மாற்றினார், பேட்டரியைச் சந்தேகித்தார், பிரட்போர்டு என்ற செருகுபலகையில் இருந்த கம்பிகளையெல்லாம் பிடுங்கி மறுபடி செருகினார். வகுப்பு முடியும்வரை தன் இணைப்பில் பிழை தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் ரெசிஸ்டரைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொன்னபோது, "பேர் போட்டிருந்தா தப்பு வந்திருக்காது சார்" என்றார். அவருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. ஓம் விதிக் கணக்கை வகுப்பில் முதலில் முடிப்பவரே அவர்தான்.

மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஐந்து பேருக்கு ஒரு மீட்டர் இருக்கும் ஆய்வகம் எங்களுடையது. அதோடு, சுற்றில் பொருத்திய ரெசிஸ்டரை அப்படியே அளந்தால், அதற்கு இணையாக உள்ள வழிகளும் கணக்கில் சேர்ந்து தவறான மதிப்பையே காட்டும்.

நிறம் நன்றாகத் தெரிபவர்களுக்கும் இச்செயலி தேவைப்படுகிறது. ஐந்து பட்டை ரெசிஸ்டரில் பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, பழுப்பு என்றால் 1 கிலோ ஓம். அதையே மறுமுனையிலிருந்து படித்தால் 110 ஓம். இரண்டும் விற்பனையில் உள்ள மதிப்புகளே என்பதால், தவறான திசையில் படித்தவருக்குச் சந்தேகமே எழாது. பழைய பதிப்பு மறுதிசை மதிப்பையும் கீழே காட்டியது. அந்த இடத்தில் இப்போது விளம்பரம் ஓடுகிறது.

தகவலை உணர்த்த நிறத்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த விதி அன்று. 2008இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டியில் 1.4.1 என்ற எண்ணில் அது இடம்பெற்றுள்ளது. வலைப்பக்கங்களுக்காக எழுதப்பட்ட விதியாயினும், நிறத்தைப் படிப்பதற்கென்றே உருவான ஒரு செயலி அதை மீறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பத்து நிறங்களுக்குப் பத்து இலக்கங்கள், ஒரு பெருக்கல், தங்கத்துக்கு 5 சதவீதம், வெள்ளிக்கு 10 சதவீதம் என்ற டாலரன்ஸ் (குறித்த மதிப்பிலிருந்து விலகக்கூடிய அளவு): இவ்வளவுதான் கணக்கு. இதற்கு இணைய இணைப்பு எதற்கு? மாணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அறியும் அனுமதி எதற்கு? எங்கள் ஆய்வகத்துக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. மாணவர்கள் கையில் ரெசிஸ்டருடன் தாழ்வாரத்துக்கு ஓடி, விளம்பரம் முடியும்வரை நின்றுவிட்டு வருகிறார்கள். கைக்கு அடக்கமாக இருந்த நல்ல கருவிகள் ஒவ்வொன்றாக இப்படி ஆகிவருவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் செலவு உண்டு என்பதை அறிவேன். விளம்பரம் வேண்டுமானால் இருக்கட்டும். ஒவ்வொரு வட்டத்தின் மீதும் நிறத்தின் பெயரையும் எண்ணையும் மட்டும் மீண்டும் எழுத்தில் போட்டுத் தாருங்கள். தமிழ்வழியில் படித்து வரும் மாணவர்களுக்காகக் கருப்பு முதல் வெள்ளி வரையிலான 12 பெயர்களையும் தமிழில் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த பருவத்தின் செய்முறை வகுப்புகள் தொடங்குவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர்