சர்ச்சிலுக்குப் போகும் நண்பனுக்கு

மதுரை,
வைகாசி முதல் வாரம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. மகள் வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே அக்னி நட்சத்திரம் ஆளைப் போட்டு வறுக்கிறது. ஐஸ் கம்பெனியை இப்போது முழுக்க மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய், மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் பார் ஏற்றுகிற நேரத்துக்கு மட்டும் நின்றுவிட்டு வருகிறேன். இந்த வெயிலில், சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் திணறுகிறது, கரண்ட் பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கணேசனுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து, கம்பு ஊன்றி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டான். வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

ஜூலையில் மாப்பிள்ளை உன்னை வின்னிபெக்கிலிருந்து ரயிலேற்றி, கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் இருக்கிற சர்ச்சில் ஊருக்கு, பெலுகா என்கிற வெள்ளைத் திமிங்கலம் பார்க்கக் கூட்டிப்போகிறார் என்று எழுதியிருந்தாய். கூடவே, "அந்த ஐஸ் தண்ணிக்குள்ள அது எப்படிடா உசுரோட இருக்கு?" என்று ஒரு கேள்வி. அதற்காகவே புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஏசி சுகமும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்.

படித்தவரைக்கும் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். குளிரை அந்தப் பிராணி என்றைக்கோ ஜெயித்துவிட்டது. இப்போது அது படுகிற பாடெல்லாம் சூட்டோடுதான்.

நம் ஐஸ் கம்பெனித் தொட்டியில் உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் ஐஸ் கேனைச் சுற்றி ஓடுமே, கடலும் அப்படித்தான். நம் தொட்டி அளவுக்கு உப்பு இல்லாததால் மைனஸ் 1.8 டிகிரிக்குப் பக்கத்தில் உறைய ஆரம்பிக்கும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். திமிங்கலமோ நம்மைப் போல வெதுவெதுப்பான ரத்தம் ஓடுகிற ஜீவன். அதனால்தான் தோலுக்கடியில் அத்தனை கொழுப்பு. வடதுருவக் கடலை விட்டு வெளியேறாத போஹெட் என்ற திமிங்கலத்துக்கு அந்தக் கொழுப்பு அரை மீட்டர் வரைகூடக் கனம்! முதுகில் துடுப்பும் கிடையாது. பனிப்பாளத்தைத் தலையால் முட்டி உடைத்து மூச்சு விடுகிற ஜாதி அது. உன் பெலுகாவுக்கும் முதுகுத் துடுப்பு இல்லை.

சரி, இவ்வளவு கனத்தில் சுவர் கட்டியாயிற்று. வேகமாக நீந்தினால் உள்ளே உண்டாகிற சூடு எந்த வழியாக வெளியேறும்? ஐஸ் போடுவது என்பதே உள்ளேயிருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான் என்று எங்கள் பழைய மெக்கானிக் சொல்லிக்கொண்டிருப்பாரே, அதே சிக்கல். போஹெட்டின் மேலண்ணத்தில் பஞ்சு மாதிரி, ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகிற ஒரு நீளமான உறுப்பு இருக்கிறது. அலாஸ்காவில் பூர்வகுடிகள் வேட்டையாடிய திமிங்கலங்களை ஆராய்ந்து 2013இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வாயைத் திறந்தபடி நீந்தும்போது சில்லென்ற தண்ணீர் அதன்மேல் பாய்கிறது, ரத்தம் குளிர்கிறது, மூளை தப்பிக்கிறது என்பது அவர்கள் கணிப்பு. அசல் கண்டென்சர்! நாம் மொட்டை மாடியில் கூலிங் டவர் வைத்தோம், அது வாய்க்குள் வைத்திருக்கிறது.

இன்னொன்று படித்தேன், நம் தொழிலில் இருப்பவன் நம்பவே மாட்டான். அண்டார்டிகாவில் வேட்டையாடிய காலத்தில், ஐஸ் கடலில் மிதக்கிற செத்த திமிங்கலம்கூடச் சீக்கிரம் கெட்டுப்போகுமாம். கொழுப்பு மூடியிருப்பதால் உள்சூடு இறங்காமல் குடல் புளித்துவிடும். வயிற்றைக் கீறிக் கடல் தண்ணீரை உள்ளே விட்டு ஆற்றுவார்களாம். மீனை ஐஸில் புதைத்தே பிழைத்த எனக்கு இது புதுப் பாடம்.

தோலுக்கும் ஒரு தொல்லை இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் சூடு வீணாகாமலிருக்க, திமிங்கலங்கள் தோலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துக்கொள்கின்றன. தோல் புதுப்பிப்பது தாமதமாகிறது, நுண்பாசி படிந்து மஞ்சளாகிறது. உன் பெலுகாக்கள் கோடையில் ஆற்றுமுகத்துக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பு. ஆழமில்லாத இடங்களில், அடியில் கிடக்கிற கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துப் பழைய தோலை உரித்துக்கொள்ளும். மேற்கு ஹட்சன் விரிகுடாவில் மட்டும் சுமார் 50,000 பெலுகா உண்டு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். குட்டிகள் சாம்பல் நிறம், வெளுக்க வருஷக்கணக்காகும். கழுத்தெலும்பு ஒட்டிக்கொள்ளாததால் தலையைத் திருப்பி உன்னையே பார்க்கும், பயந்துவிடாதே.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், எல்லாம் சோற்றுக்குத்தான். தெற்கே குளிர்கடலில் கிரில் என்கிற, கூனி இறால் மாதிரிச் சின்ன ஜீவன் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. நீலத்திமிங்கலம் ஒரு நாளைக்கு டன் கணக்கில் விழுங்கும். ஆனால் நம் இலங்கைக்குத் தெற்கே உலாத்துகிற நீலத்திமிங்கலங்கள் பனிக்கடல் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, வருஷம் முழுக்க வெயில் கடலிலேயே காலம் தள்ளுகின்றன. நம்மூர் ஆட்கள் மாதிரி என்று கணேசன் சொன்னான்.

போஹெட்டைப் பற்றி இன்னொரு விஷயம். 2007இல் அலாஸ்காவில் பிடித்த ஒன்றின் உடம்பில் 1800களின் கடைசியில் செய்த, உடம்புக்குள் போய் வெடிக்கிற ஈட்டிக் குண்டின் துண்டு சிக்கியிருந்தது. கண் லென்ஸை வைத்துப் பார்த்ததில் வேறொன்றுக்கு 211 வயது என்று மதிப்பிட்டார்கள். கணக்கு சரியென்றால், 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது அது வடதுருவத்தில் நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. இதைச் சொன்னதும் என் பேரன் செல்போனைக் கீழே வைத்தான், அதுவே பெரிய அதிசயம்.

சர்ச்சிலில் படகுக்காரர்கள் தண்ணீருக்குள் மைக் இறக்கி அவை கத்துவதைக் கேட்க வைப்பார்களாம். தவறாமல் கேள், மாப்பிள்ளையை விட்டுப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. இப்போதெல்லாம் ஐஸ் குறைந்துவிட்டதால், கொலைத் திமிங்கலம் என்கிற ஓர்க்காக்கள் விரிகுடாவுக்குள் வந்து பெலுகாவை வேட்டையாடுகின்றனவாம். அதையும் அங்குள்ளவர்களிடம் விசாரித்து எழுது. ஜூலைதானே என்று ஸ்வெட்டரை வைத்துவிட்டுப் போகாதே.

அப்புறம், உன் வீட்டு மாடியில் இருப்பவர்கள் வாடகையை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். போர் மோட்டார் காயில் போய்விட்டது. கட்டச் சொல்லியிருக்கிறேன், செலவை வாடகையில் கழித்துக்கொண்டு பில்லை வைத்திருக்கிறேன். சொத்துவரி ரசீதும் என்னிடம்தான் இருக்கிறது, வரும்போது வாங்கிக்கொள்.

தங்கச்சியையும் மகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜாமணி