முதல் காட்சிக்கு வருகிறேன், கணக்கைக் காட்டுங்கள்

கணித மேதைகளின் வாழ்க்கையைப் படமாக்கும் இயக்குநர்களுக்கும் திரைக்கதை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் படங்களைத் தவறவிடாதவன் நான். கூடவே அந்த மனிதரைப் பற்றிய நூலையும் தேடிப் படித்துவிடுவேன். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) படத்தில் ஜான் நாஷ் இல்லாத ஆட்களைக் கண்ணால் பார்க்கிறார். நிஜத்தில் அவருக்குக் குரல்கள்தான் கேட்டன. சினிமாவுக்கு உருவம் வேண்டும், போகட்டும். ஆனால் படம் கணக்குப் பேசும் ஒரே இடமும் தப்பு. மதுக்கடையில் நண்பர்கள் எல்லோர் கண்ணும் ஒரு பொன்முடிப் பெண்மேல்; எல்லோரும் அவளை விட்டுவிட்டு அவள் தோழிகளிடம் போகலாம் என்கிறார் நாஷ். அப்படிச் செய்தால், ஒருவன் மட்டும் மனம் மாறி அவளிடம் போவது அவனுக்கு லாபம்தானே? தனியாக மாறி யாரும் லாபம் பார்க்க முடியாத நிலைக்குத்தான் நாஷ் சமநிலை என்று பெயர். அவர் பெயரிலுள்ள கருத்தை அவர் வாயாலேயே தப்பாகச் சொல்ல வைத்துவிட்டீர்கள்!

ஆலன் டியூரிங் பற்றிய 'தி இமிட்டேஷன் கேம்' படத்துக்கு ஒரு வரி போதும்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியக் குறியீட்டை உடைக்க அவர் வடிவமைத்த 'பாம்ப்' இயந்திரத்துக்கு வேகம் கூட்டிய சக கணிதர் கார்டன் வெல்ச்மன் அதில் இல்லவே இல்லை.

ராமானுஜன் என்றால் உங்களுக்கு நாமகிரித் தாயார் கனவில் வர வேண்டும். அவரே சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிலேட்டைக் கொஞ்சம் நெருங்கிக் காட்டியிருக்கலாம். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தவர் அவர். நோட்டில் நிரூபணங்கள் அருகிப்போனதற்கு அந்த முழங்கையும் ஒரு காரணம்.

அதைவிட எனக்குப் பிடித்தது மேஜர் மக்மஹோன் கதை. 200 என்ற எண்ணை நேர்ம முழு எண்களின் கூட்டலாக, வரிசையைக் கணக்கில் கொள்ளாமல், எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? பழைய பீரங்கிப்படை அதிகாரியான அவர் ஒவ்வொரு எண்ணாகக் கையால் போட்டுக்கொண்டே போய் எட்டிய விடை 3,972,999,029,388. கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும் ராமானுஜனும் கண்ட சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் அதே எண், வித்தியாசம் வெறும் 0.004. இதற்கு மேல் என்ன கிளைமாக்ஸ் வேண்டும் உங்களுக்கு?

பிபிசி 1996-இல் ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் கணிதர் ஆண்ட்ரூ வைல்ஸ் தம் மேசையருகே அமர்ந்து, முந்நூறு ஆண்டுக்கு மேல் நிரூபிக்கப்படாமல் கிடந்த ஃபெர்மா தேற்றத்தின் கடைசி முடிச்சு அவிழ்ந்த கணத்தைச் சொல்ல வருகிறார். தொண்டை அடைத்துப் பேச்சு நின்றுவிடுகிறது. ஏழு ஆண்டு ரகசியமாக உழைத்து 1993 ஜூனில் அறிவித்தார்; பிறகு நிரூபணத்தில் ஓட்டை தெரிந்தது; 1994 செப்டம்பரில்தான் அடைபட்டது. உலகமே கைதட்டி முடித்தபின், தப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தினமும் அதே மேசைக்குப் போன காலம் அது.

அந்த ஓராண்டை மட்டும் யாராவது எடுங்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்